ஓட்டமும் ஒழுங்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பட்டப்படிப்பு மாணவர்களாகிய எங்களை அழைத்து, இளைஞர் வாழ்வுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பெரிய தத்துவங்களைப் பேசுதற்குரிய வயதும் அனுபவமும் எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே காலால் நாங்கள் அறிந்த ஒரு விஷயத்தையே இன்று எடுத்துக்கொண்டோம். மலையோட்டப் போட்டிகளில், குறித்த பாதையை விட்டுக் குறுக்கே இறங்கி முன்னுக்கு வருகிற வழக்கம் ஒன்று பரவி வருகின்றதே, அதுதான் எங்கள் பொருள்.

இது ஒரு சிறு விஷயம் என்று சிலர் நினைக்கலாம். விளையாட்டை விளையாட்டாக விட்டுவிட வேண்டியதுதானே என்றும் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நம் மலைநாட்டில் ஓடுவதற்குப் பாதை தேடி அலைய வேண்டியதில்லை. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் செல்கின்றது. அதன் பெரும்பகுதி, தேயிலைக் கொழுந்தையும் பெட்டிகளையும் கொண்டுபோவதற்காக அந்நாளில் வெட்டிய பழைய தோட்டப் பாதைகளே. இன்று வெளிநாட்டார் பணம் செலவழித்து வந்து நடக்கும் வழியிலே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூடை சுமந்து நடந்தார்கள்.

இந்தப் பாதைகள் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகின்றன? பாரம் ஏற்றிய வண்டி செங்குத்தான சரிவில் நேரே ஏற மாட்டாது. சரிவைச் சுற்றிச் சுற்றி மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும். ஆகவே ஒரு முழம் உயர்வதற்குப் பல முழம் சுற்றும்படி கொண்டை ஊசி வளைவுகளை அமைத்தார்கள். கால்நடையாகப் போகிறவர்களுக்கு அந்தச் சுற்று வேண்டியதில்லை. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், பிரட்டுக்களத்திலிருந்து ஸ்டோருக்கும், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகள் இறங்குகின்றன. அவற்றை நாம் குறுக்குப் பாதை என்கிறோம். நம் தோட்டத்துப் பிள்ளை நடக்கப் பழகியதும் முதலில் கற்பது இந்தக் குறுக்குப் பாதையைத்தான். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் மோட்டார் றோட்டைச் சுற்றி வருபவன் எவனும் இல்லை.

ஆகவே குறுக்குப் பாதை பாவம் என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அது மலையை அறிந்தவனின் அறிவு. சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரி வழியாகவும் ஏறலாம், ஹற்றனிலிருந்து நல்லதண்ணி வழியாகவும் ஏறலாம். நல்லதண்ணி வழி குறுகியது என்பதும், இரத்தினபுரி வழி நீண்டது என்பதும் யாவரும் அறிந்தவை. அதற்காக, நல்லதண்ணி வழியாக ஏறி 2,243 மீற்றர் உயரத்தில் நின்று கும்பிடுபவரை யாரேனும் ஏமாற்றுக்காரர் என்பாரா? என்னார். தாம் வந்த வழியை அவர் மறைக்கவில்லையன்றோ! நல்லதண்ணியில் ஏறிவிட்டு, “நாங்கள் இரத்தினபுரி வழியாகவே வந்தோம்” என்று ஊரிலே பெருமை பேசினால்தான் அங்கே பொய் பிறக்கின்றது.

நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் மாம்பழக் கதையை இங்கே நினைத்துக்கொள்வோம். உலகைச் சுற்றி முதலில் வருபவருக்கே கனி என்றார்கள். முருகப் பெருமான் மயிலேறிப் புறப்பட்டார். பிள்ளையாரோ அம்மையப்பரைச் சுற்றி வந்து கனியைப் பெற்றார். “அப்படியானால் பிள்ளையாரும் குறுக்கு வழியில் போனவர்தானே?” என்று எங்கள் நண்பர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். நாங்கள் யோசித்துக் கண்ட விடை இது: பிள்ளையார் சுற்றியது நடுவர்களின் கண்முன்னே. அம்மையப்பரே உலகம் என்ற தம் நியாயத்தை அவர் வெளிப்படையாக எடுத்துச் சொன்னார், நடுவர்களும் அதை ஏற்றார்கள். அவர் புதருக்குள் மறைந்திருந்து, வியர்வை வழிய ஓடி வந்தவர்போல் நடித்துக் கனியைக் கேட்கவில்லை. குறுக்கே வந்ததை மறைத்து, முழுத் தூரமும் வந்ததாகக் காட்டிக்கொள்வதே குற்றம். எங்கள் பேச்சு முழுவதற்கும் இதுவே அடிப்படை.

மிஷன் பாடசாலையில் கல்வி பயின்றவர்கள் நாங்கள். பவுலடியார் தம் நிருபங்களில் ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டதை அங்கே கேட்டிருக்கிறோம். எந்த மதத்துப் பெரியோரும் வாழ்க்கையை ஓட்டத்துக்கு ஒப்பிடும்போது, எல்லை வரையுள்ள வழியையும் சேர்த்தே ஓட்டம் என்கிறார்கள்.

இனி உலக விவகாரத்துக்கு வருவோம். இந்த நோய் நம் மலையில் மட்டும் உள்ளதன்று. 2018ஆம் ஆண்டு சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த அரை மரதனில் 258 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 237 பேர் றோட்டோரப் புதர்களுக்கிடையே புகுந்து குறுக்கே வந்தவர்கள். 2023இல் மெக்சிக்கோ நகர மரதனில் ஓடியவர்களுள் சுமார் 11,000 பேர் தகுதி நீக்கப்பட்டனர். இலக்கத் துண்டிலோ சப்பாத்திலோ பொருத்திய சிறு சில்லு, வழியில் விரித்த பாயைக் கடக்கும் நேரத்தைத் தானே பதிவு செய்கின்றது. இடையிலுள்ள பாய்களைக் கடக்காமல் எல்லைப் பாயை மட்டும் கடந்தவர்களை அந்தச் சில்லு காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆனால் பிடிபடுவதும் பிடிபடாததும் இரண்டாவது விஷயம். முதலாவது விஷயம், இதனால் நட்டமடைபவர் யார் என்பது. “போட்டி நடத்துபவருக்குத்தானே நட்டம்?” என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. 1980இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் றோசி றூயிஸ் என்ற பெண் முதலாவதாக வந்து மாலை சூடினார். அவர் பந்தயத்தின் கடைசிப் பகுதியில் மட்டுமே புகுந்து ஓடியவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. உண்மையில் வென்றவர் கனடா நாட்டு ஜாக்குலின் கரோ. பதக்கம் அவருக்குச் சில நாள் கழித்துக் கிடைத்தது. ஆனால் எல்லையிலே முதலாவதாக நுழையும் அந்த ஒரு கணமும், அந்தக் கூட்டத்தின் ஆரவாரமும் திரும்பி வருமா? களவு போனது அதுவே. களவு கொடுத்தவர், நேர்மையாக ஓடி இரண்டாவதாக நின்றவர்.

நம் மலையிலும் இதைக் கண்டோம். இடமும் பெயரும் வேண்டாம். ஓர் ஓட்டத்தில் நாங்கள் சில நண்பர்கள் கலந்துகொண்டிருந்தோம். இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வழியைக் காட்டும் ரிப்பன் கட்டியிருந்தது, ஆனால் பார்த்து நிற்க ஆள் இல்லை. முன்னே போனவர் ஒருவர் தேயிலைக்குள் குதித்தார். அவரைப் பார்த்து இருவர் குதித்தனர், அவர்களைப் பார்த்துப் பின்னும் சிலர். எங்களுக்குச் சற்று முன்னே ஓடிய தோட்டத்துத் தங்கை ஒருத்தி மட்டும் வளைவைச் சுற்றியே ஓடினாள். அவளுக்குப் பின்னே வந்தவர்கள் கீழே அவளுக்கு முன்னே நின்றார்கள். பரிசு பெற்றவர் வரிசையில் அவள் இல்லை. “நீயும் ஏனம்மா இறங்கவில்லை?” என்று முடிவில் கேட்டோம். “அது எங்க அம்மா நெரை புடிக்கிற மலைங்க. செடிய மிதிச்சிக்கிட்டு எப்படிங்க எறங்குறது?” என்றாள். நடுவர்களிடம் முறையிடவும் அவள் போகவில்லை. நாங்கள் போய்ச் சொன்னோம். நேரத்தாளில் உள்ளதை மாற்ற இயலாது என்று பதில் கிடைத்தது.

அன்று எங்களுக்கு உண்டான கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கோபம் மட்டும் போதாது. குறுக்கே இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழி தவறியவர் ஒரு வகை. மூடுபனியில் ரிப்பனைக் காணாமல் போவது நம் மலையில் யாருக்கும் நேரக்கூடியது. அது குற்றமன்று. வழி விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து மீண்டும் ஓடினால் கணக்குத் தீர்ந்தது. முன்னால் போனவரைப் பார்த்துப் போனவர் இன்னொரு வகை. “எல்லோரும் செய்கிறார்கள், நாம் மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?” என்பதே அவருடைய நியாயம். திட்டமிட்டே இறங்கியவர் மூன்றாம் வகை. இவர் சிலரே. ஆனால் இந்தச் சிலர் குதித்தவுடனே இரண்டாம் வகையார் பலராகின்றனர்.

2023 ஏப்ரிலில் இங்கிலாந்தில், மான்செஸ்ரர் நகரிலிருந்து லிவர்பூல் நகருக்கு நடந்த 50 மைல் ஓட்டத்தில் ஒரு வீராங்கனை கால் நோவினால் நண்பரின் காரில் ஏறிச் சுமார் இரண்டரை மைல் தூரம் போனார். பின்னர் மீண்டும் ஓடி முடித்து, மூன்றாம் இடத்துப் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு 12 மாதத் தடை விதிக்கப்பட்டது. கால் நோவது குற்றமா? காரில் ஏறுவதுதான் குற்றமா? ஓட இயலாதவர் விலகிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. பதக்கத்தை நீட்டியபோது, “இது எனக்குரியதன்று” என்ற சொல் வராமற் போனதே குற்றமாயிற்று.

மற்றொரு நட்டத்தையும் சொல்ல வேண்டும். அது மண்ணுக்கு வரும் நட்டம். தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். மழைநீர் சரிவில் நேரே ஓடாமல், குறுக்கே மெல்லப் போய் மண்ணைப் படியவிட்டு இறங்கும்படியே கான்களை வெட்டுகிறார்கள். அந்தச் சரிவிலே நூறு பேர் நேர்கோடாக ஓடி இறங்கினால், புல்லும் வேரும் நசிந்து, அடுத்த மழைக்கு அந்தத் தடமே நீரோடும் வாய்க்காலாகிவிடும். மேல்மண் போனால் திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகும்! 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மலைநாடெங்கும் சரிவுகள் ஏற்பட்டதையும் நாம் மறக்கவில்லை. ஓட்டக்காரரின் கால்தடத்தால் அவை நேர்ந்தன என்று நாங்கள் சொல்லவில்லை. மண் இத்தனை இளகிய நாட்டில் வாழும் நாம், பொழுதுபோக்குக்காக அதை மேலும் கிளறலாமா என்றே கேட்கிறோம்.

அமெரிக்காவில் கிராண்ட் டீட்டன் என்றொரு மலை உண்டு. 2024 செப்டெம்பரில் ஓர் ஓட்டவீரர் அதில் மிக விரைவாக ஏறி இறங்கினார். இறங்கும்போது, வளைவு ஒன்றைத் தவிர்த்து, மண்ணரிப்பைத் தடுப்பதற்காக மூடியிருந்த பழைய குறுக்குப் பாதையிலே வந்தார். வழக்கு நடந்தது. 2025இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டது. அதே ஆண்டிலே அந்நாட்டு ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். ஆயினும் சாதனை நேரங்களைப் பதிவு செய்பவர்கள் அவருடைய நேரத்தை ஏற்கவில்லை. ஜனாதிபதி தண்டனையை நீக்கலாம். ஓடாத தூரத்தை ஓடியதாக ஆக்க அவராலும் முடியாது.

இங்கே ஒரு நண்பர் எழுந்து, நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்கக்கூடும். “கொழும்பிலிருந்து வருபவருக்கு விலையுயர்ந்த சப்பாத்து உண்டு, பயிற்சியாளர் உண்டு, சத்துணவு உண்டு. எங்கள் தோட்டத்துப் பையனுக்கு இருப்பது மலையைப் பற்றிய அறிவு ஒன்றே. அதையும் பயன்படுத்தக் கூடாதென்றால் அவன் எப்படி வெல்வான்?” இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஏற்றத்தாழ்வு உண்மையே. ஆனால் அதற்குரிய மருந்து களவன்று. இங்கிலாந்தின் மலைப்பகுதிகளில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒருவகை ஓட்டத்தில், காவல் நிலைகளை மட்டும் குறித்துவிட்டு, அவற்றுக்கிடையே எந்த வழியாகப் போவதென்பதைப் பெரும்பாலும் ஓடுபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். அங்கே குறுக்குப் பாதை அறிந்தவனே கெட்டிக்காரன். அப்படி ஓர் ஓட்டத்தை நாமும் நடத்தினால் என்ன? செடிக்குள் இறங்காமல், ஏற்கனவே உள்ள ஒற்றையடிப் பாதைகளில் எதில் வேண்டுமானாலும் போகலாம் என்று விதி வகுப்போம். அப்போது நம் பையனின் அறிவு பகிரங்கமாக வெல்லும். கொழும்பு வீரரும் கைகுலுக்கி அதை ஒப்புக்கொள்வார்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தோம். நம் மக்களின் நெடுநாள் மனக்குறை எது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் கழிவு. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிகின்றபோது, காலையிலிருந்து அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று பறித்த அம்மாவின் நெஞ்சு என்ன பாடு படுகின்றது! “நாங்கள் எடுத்ததை எடுத்தபடி எழுதுங்கள்” என்று கேட்கிறோம். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதே நம் நியாயம். அந்த நியாயத்தைக் கேட்கும் வீட்டுப் பிள்ளைகள், ஓடாத தூரத்தை ஓடியதாக எழுதிக்கொள்ளலாமா? தராசில் கைவைப்பதும் பாதையில் குறுக்கே இறங்குவதும் வேறு வேறல்ல. இரண்டிலும் ஒருவருடைய உழைப்பை மற்றொருவர் எடுத்துக்கொள்கிறார். பிறர் தராசைக் கேள்வி கேட்கும் உரிமை, நம் தராசு நேராக நிற்கும் வரையில்தான்.

2023ஆம் ஆண்டு, நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. அவர்கள் நடந்து வந்த வழியிலே நடக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரே நாளில் மாத்தளையை அடைந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயணத்துக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? எல்லையை அடைவது மட்டுமே நோக்கமானால் நடையும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்.

இனி, குறை சொன்னதோடு நில்லாமல், செய்யக்கூடியவற்றையும் சொல்லி முடிக்கிறோம். நம் சங்கம் அடுத்த விளையாட்டு விழாவில் மலையோட்டம் ஒன்றை நடத்துமாயின், மூன்று காரியங்களைச் செய்யும்படி வேண்டுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒருவர் நிற்க வேண்டும். ஓட இயலாத பெரியவர்களும் சிறுவர்களும் இந்தச் சேவைக்கு வரலாம். ஆள் நிற்கும் வளைவில் எவரும் குதிப்பதில்லை.

இரண்டாவது, விலையுயர்ந்த சில்லும் பாயும் வாங்க நம்மிடம் பணமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவின் டெனசி மாநிலக் காட்டில் 1986 முதல் நடக்கும் பார்க்லி என்ற கடுமையான ஓட்டத்தில், வழியிலே புத்தகங்களை வைத்திருப்பார்கள். ஓடுபவர் ஒவ்வொரு புத்தகத்திலும் தம் இலக்கத்துக்குரிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். புத்தகத்தைக் கிழிப்பதைக் கலைமகள் பொறுக்க மாட்டாள் என்று நம் தாய்மார் சொல்வார்கள். ஆகவே பழைய நாட்காட்டியை வைப்போம். 14ஆம் இலக்கக்காரர் 14ஆம் திகதித் தாளைக் கிழிக்கட்டும். முப்பத்தொரு பேருக்கு ஒரு மாதம் போதும்!

மூன்றாவது, தண்டனையை ஓட்டம் தொடங்குமுன்னே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். வழி தவறித் திரும்பி வந்தவருக்குத் தண்டனை இல்லை. குறுக்கே வந்ததைத் தாமே வந்து சொன்னவருக்கு, பரிசு இல்லையாயினும் மரியாதை உண்டு. மறைத்தவருக்கு அந்த ஆண்டு இடமில்லை. உறவினரின் பிள்ளை, தலைவரின் பிள்ளை என்று பாராமல் இதை நிறைவேற்ற வேண்டும்.

அந்த ஆண்டு என்று நாங்கள் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். என்றென்றைக்கும் என்று சொல்லவில்லை. 1904இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதனில், பிறெட் லோர்ஸ் என்பவர் சுமார் 11 மைல் தூரம் மோட்டார் வண்டியில் வந்து, முதலாவதாக மைதானத்துள் நுழைந்தார். உண்மை உடனே வெளிப்பட, அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தார்கள். பின்னர் தடை நீங்கிற்று. அடுத்த ஆண்டு, 1905இல், அதே மனிதர் பொஸ்டன் மரதனில் முழுத் தூரத்தையும் தம் காலால் ஓடி முதலாவதாக வந்தார். ஓடக்கூடிய கால் அவருக்கு எப்போதும் இருந்தது என்பதை அந்த வெற்றி காட்டியது. குறுக்கே இறங்குகிற நம் தம்பிமாருக்கும் அந்தக் கால் உண்டு என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆகவே வாலிப நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் ஓடும்போது, வளைவிலே முன்னால் போகிறவர் செடிக்குள் குதிப்பார். பார்க்க எவரும் இருக்க மாட்டார். பின்னால் வருபவர் உங்களையே பார்த்துக்கொண்டு வருவார். நீங்கள் குதித்தால் அவரும் குதிப்பார். நீங்கள் சுற்றினால் அவரும் சுற்றக்கூடும். அவ்விடத்தில் நீங்கள் சுற்றியே ஓடுங்கள்.